குளிர்காலத்துக்கு ஆள் வேண்டுமா?

ஜூன் 11, 2024

மலை மேலே மழை விடவில்லை. தோட்டத்தில் நெட்வொர்க் கிடைப்பது ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோரின் பின்வாசலில் மட்டும்தான். உர மூட்டை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அண்டார்டிகாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஐசுல இன்னும் என்னத்தா சோலி ஒனக்கு?" என்றார்.

சோலி இதுதான். அங்கே நம் நாட்டின் பழைய ஆய்வு நிலையம் பனிக்குள் புதைந்துகொண்டு வருகிறது. புதிதாக ஒன்று கட்டப்போகிறார்கள். அதில் வருடம் முழுக்க ஆட்கள் இருப்பதா, கோடைக்கு மட்டும் போய்வந்துவிட்டுக் குளிர்காலத்தை இயந்திரங்களிடம் விட்டுவிடுவதா? இதை முடிவு செய்ய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். வானிலைக்கு நான். பாறை ஆய்வுக்கு அமுதவள்ளி. இரண்டு பேரும் 2022-இல் சூரியனே வராத அந்த மாதங்களை அங்கே ஒரே அறையில் கழித்தவர்கள்.

ஆள் வேண்டும் என்பதுதான் என் கட்சி. காற்றளக்கும் கருவியில் பனி இறுகி அது நின்றுபோனால், ஏறிச் சுரண்டிவிட யாராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதி வருடத்துக்கு நமக்குக் கண் இல்லை. அமுதாவும் இதைத்தான் சொல்வாள். "ஏட்டி, நீ முதல்ல பேசு. நான் பின்னாடி தாங்கிக்கிடுதேன்" என்றாள் போனில். திருநெல்வேலிக்காரி சொன்னால் சொன்னதுதான்.

நவம்பரில் கிளம்பிக் குளிர்காலம் முழுக்க அங்கே தங்கும் குழுவுக்கு நான் தலைவி. உத்தரவு கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி.

ஜூன் 16

அமுதா இந்த வாரம் கூப்பிடவே இல்லை. அவளுக்கு என்று அப்பா நல்ல பச்சையான ஏலக்காயாகப் பொறுக்கித் தனியாக வைத்திருக்கிறார்.

ஜூன் 20



லேப்டாப்பில் நடந்த குழுக் கூட்டத்தில் நான் பேசி முடித்தேன். அடுத்து அமுதா. குளிர்காலத்தில் ஆட்கள் வேண்டாம் என்றாள். மழைச் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. திரும்பவும் சொன்னாள். ஏன் என்று கூட்டத்தின் தலைவர் கேட்டார்.

"நாங்கள் இருந்த வருடம், வீட்டில் ஒரு சாவு நடந்தபிறகு, எங்களில் ஒருவர் பனிப்புயலில் வழிக்கயிற்றை விட்டுவிட்டுத் தனியாக நடந்துபோனார். அது என் ஒருத்திக்குத்தான் தெரியும்."

பெயர் சொல்லவில்லையாம். அந்த வருடம் வீட்டில் சாவு விழுந்தது எனக்கு மட்டும்தானே? திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். எல்லோரும் குனிந்துகொண்டார்கள். தலைவர், "கார்த்திகா, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றார். நெட்வொர்க் போனவள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். போகவில்லை. எல்லாம் தெளிவாகத்தான் கேட்டது.

அடிப்பாவி. ஒங்கிட்டத்தானடி சொன்னேன்? பெத்த அப்பன்கிட்டகூடச் சொல்லலயே, ஒங்கிட்டத்தானடி சொன்னேன்?

ஜூன் 22

எனக்காக எழுதி வைக்கிறேன். அவள் சொன்ன மாதிரி இல்லை அது.

அம்மாவை எரித்ததைப் போனில்தான் பார்த்தேன். போடி மயானத்தில் தம்பி அழகுராஜா போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். கொள்ளி வைக்கும்போது படம் நின்றுவிட்டது. அப்புறம் வரவே இல்லை. அண்டார்டிகாவிலிருந்து அப்போது யாரும் கிளம்ப முடியாது. கப்பலும் இல்லை, விமானமும் இல்லை.

அதற்கப்புறம் ஒரு நாள், கட்டடத்துக்குக் கட்டடம் புயலில் பிடித்து நடக்கக் கட்டியிருக்கும் கயிற்றை விட்டேன். சாக வேண்டும் என்று இல்லை. ஊர் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான். அமுதாதான் வந்து பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். என் கையைத் தன் சட்டைக்குள் விட்டுச் சூடுபடுத்தினாள். ஏன் விட்டேன் என்று அவளிடம் மட்டும் சொன்னேன். "இது நம்ம ரெண்டு பேரோட போட்டும்" என்றாள்.

அது அவள் சொன்ன வார்த்தை. நான் கேட்டு வாங்கியதில்லை.

ஜூன் 25

கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். எடுக்கவில்லை.

ஜூலை 5

அலுவலகத்திலிருந்து பேசினார்கள். குரலில் அவ்வளவு அன்பு. என் உடல்நலத்தை முன்னிட்டு இந்த முறை ஓய்வாம். நவம்பர் குழுவுக்குத் தலைவி டாக்டர் அமுதவள்ளி.

குளிர்காலத்துக்கு ஆளே வேண்டாம் என்றவள்!

அப்பா கேட்டார், "என்னத்தா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" தலைவலி என்றேன்.

ஜூலை 14

வந்தாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. மதுரையிலிருந்து ரயிலில் போடிக்கு வந்து, அங்கிருந்து ஜீப்பு பிடித்து, நனைந்துபோய் வாசலில் நின்றாள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தானே சாயா போட்டுக் கொண்டுவந்தார். கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா, எம் பொண்டாட்டி போனப்ப நாங்க யாரும் இவ பக்கத்துல இல்ல. நீ இருந்த. அத மறக்க மாட்டேன்" என்றார். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். குடிக்கவில்லை. அப்பா அவளுக்கு வைத்திருந்த ஏலக்காய்ப் பொட்டலத்தை எடுக்க ஸ்டோருக்குள் போனதும் வெளியே கூட்டிப்போனேன்.

"பேரச் சொல்லலயேட்டி."

"சொன்னாத்தான் தெரியுமா?"

"ஒன்ன இழுத்துட்டு வந்தது நான். அந்த இருட்டு இன்னும் என் கனவுல வருது. அடுத்து எவளாவது நடந்து போனா, பின்னால ஓட ஆள் இருக்காதேன்னுதான் பேசுனேன். ஒன்னக் கெடுக்கணும்னு இல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிருப்ப."

"அதுக்குத்தான் கேக்கணும்."

நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழை ஏலச் செடிகள் மேல் பெய்துகொண்டே இருந்தது.

"வேண்டாம்னு சொன்ன குளிர்காலத்துக்குத் தலைவியா மட்டும் போறியாக்கும்?" என்றேன்.

"ஆபீசுல கேட்டாவ. இல்லன்னு சொல்ல வாய் வரல."

அவள் சொன்னதில் அதை மட்டும் நம்பினேன். ஆசை அவளுக்கும் உண்டு. எனக்கும் இருந்ததுதானே.

போகும்போது அப்பா அவள் கையில் பொட்டலத்தைத் திணித்தார். வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள்?

ஜூலை 15

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கயிற்றை விட்டதையும்.  "எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா ஆத்தா" என்றார். அப்புறம் எழுந்துபோய் அடுப்பில் விறகைத் தள்ளினார். விறகு ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 9

முடிவாகிவிட்டது. புதிய நிலையத்தில் வருடம் முழுக்க ஆட்கள் இருப்பார்கள். என் பேச்சு ஜெயித்தது. ஆள்தான் தோற்றுப்போனேன்.

அந்தக் கூட்டத்தின் தலைவர் கூப்பிட்டார். குளிர்காலத்தில் ஆட்களின் மனதைப் பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு செய்யலாம் என்று நான் எழுதித் தர வேண்டுமாம். அந்த அனுபவம் எனக்கு இருக்கிறதாம்! போனை வைத்துவிட்டு அப்பாவிடம் கத்தினேன். "என் மானத்தச் சந்தி சிரிக்க வச்சுட்டு, இப்ப யோசனை கேக்குறாங்கெ. முடியாதுன்னு சொல்லப்போறேன்."

"சொல்லு" என்றார் அப்பா. கொஞ்சம் கழித்து, "ஆனா அங்க போற பிள்ளைக எல்லாமா ஒன்னைய ஏமாத்துச்சு?" என்றார்.

ஆகஸ்ட் 12

எழுதி அனுப்பிவிட்டேன். நீளமாக இல்லை. அங்கே இருப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுப் பேச, ஏற்கெனவே அங்கே குளிர்காலம் கழித்த ஒருவர் இங்கே இருக்க வேண்டும். பேசியது அலுவலகத்துக்குப் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நிலையத்து டாக்டரிடம் சொல்லலாம், அதையும் பேசியவரிடம் சொல்லிவிட்டுத்தான். புதிய கட்டடம் வரும்வரை காத்திருக்காமல் இந்த வருடமே தொடங்க வேண்டும்.

யாரை வைப்பது என்று எழுதவில்லை. என்னையே கேட்டார்கள். சரி என்றேன்.

நவம்பர் 21

அமுதாவின் குழு இன்று கிளம்பிவிட்டது. பறிப்பு வேலையில் இருந்தேன். மதியம்தான் ஞாபகம் வந்தது.

ஜூன் 17, 2025

அங்கே சூரியன் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. சமையல்காரர் வாரம் தவறாமல் கூப்பிட்டு மகளின் கல்லூரி பற்றிப் பேசுகிறார். ஜெனரேட்டர் பார்க்கும் பையனுக்கு நிச்சயதார்த்தம் முறிந்துவிட்டது. அவனும் பேசுகிறான். தலைவி மட்டும் இதுவரை கூப்பிட்டதில்லை.

இன்று காலை ஸ்டோரில் இருந்தபோது மணி அடித்தது. எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது.

"கார்த்தி... நீதான் பேசுதியா?"

"நான்தான்."

திரும்பவும் மூச்சு. பிறகு, "யார்ட்டயும் சொல்ல மாட்டல்லா?"

என்னென்னவோ நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை நாள் தனியாக இருக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். அப்பா வாசலில் நின்று யார் என்று கையால் கேட்டார். அப்புறம் வாங்க என்று சைகை காட்டினேன்.

"சொல்ல மாட்டேன். நீ சொல்லு" என்றேன்.

ரொம்ப நேரம் பேசினாள். கேட்க வேண்டியதை நேராகவே கேட்டேன். உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. நாளைக்கும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

அவளை இன்னும் மன்னிக்கவில்லை. அவள் சொன்னதை இங்கேயும் எழுதப்போவதில்லை.