மேல் நோக்கி ஒரு கொக்கி

பயண நாள் 9. 07:10. நங்கூரம் 195.

வெப்பநிலை மைனஸ் நூற்று எண்பத்தேழு. காற்று இல்லை. ஓசை இல்லை. நகைச்சுவை உணர்வு என்னிடம் மட்டும் உள்ளது.

இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் இசக்கி, வயது பதினேழு, பயிற்சி உதவியாள். இடம் மிராண்டா, யுரேனஸைச் சுற்றும் பனி நிலா. பனி என்றதும் ஐஸ்கிரீம் ஞாபகம் வேண்டாம். இந்தக் குளிரில் பனி என்றால் கருங்கல். நாங்கள் ஏறிக்கொண்டிருக்கும் செங்குத்து இருபது கிலோமீட்டர் உயரம். எண்பது மீட்டருக்கு ஒரு நங்கூரம் அமைப்பது எங்கள் வேலை. பாறையில் துளை போட்டு மூன்று கொக்கிகளை இறக்கி, மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்து, இழுப்பு சமமாகப் பிரியும்படி முடிச்சிட வேண்டும். ஒருவர் அதில் மாட்டிக்கொண்டு கயிறு பிடிக்க, மற்றவர் ஏறுவார். பின்னால் வரும் பதினோரு பேர் உச்சியில் ஆண்டெனா கம்பம் நட இதே நங்கூரங்களை நம்பித்தான் வருவார்கள்.

எடை இங்கே ஒரு பொருட்டே அல்ல. உடுப்போடு சேர்த்து நான் ஒரு தேங்காய் கனம். ஸ்பிரிங் பூட்ஸால் ஓர் உதை உதைத்தால் எண்பது மீட்டர் போய்விடலாம். விழுந்தாலும் அவசரமில்லை. இந்த உயரத்திலிருந்து தரையைத் தொடப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். தொடும்போது மட்டும் எக்ஸ்பிரஸ் ரயில் வேகம்.

கூட ஏறுபவள் செல்லக்கனி அக்கா, குழுத் தலைவி. அவளும் அம்பாசமுத்திரம் பக்கம்தான். யுரேனஸ் வரை வந்தும் அவள் வாயில் திட்டு மட்டும் ஊர் மாறவில்லை. நான் இடது என்றால் வலது போவாள், பொறு என்றால் கிளம்புவாள். கொக்கி ஒரு திசை இழுப்பை மட்டுமே தாங்கும் என்பதால் இன்று காலையும் வானொலியில் அதே பாடம்:

"ரெண்டு கொக்கி கீழ பாத்து, ஒண்ணு மேல பாத்து. மறந்தேன்னா உன்னைக் கொன்னுருவேன்."

"மேல் நோக்கி எவனாவது விழுவானாக்கா?"

"நீ விழுவலே. உனக்கு எல்லாமே தலகீழ்தான."

நங்கூரம் 195: இரண்டு கீழே, ஒன்று மேலே. அக்கா வந்து சுத்தியலால் தட்டி, கையுறையில் அதிர்வு பார்த்து, சரி என்றாள். பாராட்டு ஏதுமில்லை.

பயண நாள் 9. 10:25. நங்கூரம் 196.

இன்றைய சாதனை. அக்கா கீழே கயிறு பிடித்திருந்தாள். நான் ஒரு பிதுக்கத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டு வானொலியில் அலறினேன்: "எக்கா! கொக்கி பேந்துட்டு! விழுதேன்!" பிறகு சத்தமே இல்லை. இரண்டு முழு நிமிடங்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன்.

அடிவாரத் தளத்தில் எங்களைத் திரையில் கண்காணிக்கும் ஆசீர் அண்ணன் பதறிப்போய் மீட்புக் கலத்தின் இன்ஜினைச் சூடேற்றத் தொடங்கிவிட்டார். அது சூடாகவே முக்கால் மணி நேரம் பிடிக்கும், பாவம். கனியக்கா இரண்டு கைகளிலும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, முதுகைப் பாறையில் கொடுத்து, என் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தலையை நீட்டி, "ஏமாந்துட்டியாக்கா!" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தேன், விழாமலேயே.

அவள் மேலே வந்து நங்கூரத்தைத் தட்டிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் சொன்னாள்:

"சவத்து மூதி. நீ கயிறு பிடிக்க வந்தியா, கயிறு திரிக்க வந்தியா? இனி நீ ரேடியோல என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன். கயிறு சொன்னாத்தான் நம்புவேன். நங்கூரம் சரின்னா மூணு இழுப்பு இழு. அதோட உன் வாயை மூடு."

"எக்கா, சும்மா வெளாட்டுக்கு..."

அவள் கயிற்றைச் சுருட்டத் தொடங்கிவிட்டாள்.

பயண நாள் 9. 13:05. நங்கூரம் 197.

அக்கா பேசவில்லை. மூன்று இழுப்பு, ஏறு. மூன்று இழுப்பு, ஏறு. ஒரே நங்கூரத்தில் முழங்கை இடிக்க நின்றபோதும் முதுகைத்தான் காட்டினாள். காலையில் என் பெயரைச் சொன்ன குரல் காதிலேயே நிற்கிறது. பெருமையாக இருந்தது. இப்போது அவ்வளவு பெருமையாக இல்லை.

பாறைக்கும் எங்களைக் கண்டால் ஆகவில்லை. துளை போட்ட இடமெல்லாம் சில்லுகளாகத் தெறிக்கிறது. ஒரு சில்லு என் இடது கையுறையின் மேலுறையைக் கீறிவிட்டது. உள்ளுறை தப்பியது. மூன்று முறை கொக்கியை வெளியே துப்பிவிட்டு நான்காவது முறைதான் விழுங்கியது. கனியக்காவுக்கு ஒன்றுவிட்ட தங்கையாக இருக்கும்.

நான் ஒரு விடுகதை போட்டேன், இரண்டு மன்னிப்பு கேட்டேன். அவள் வானொலியையே அணைத்து வைத்திருக்கிறாள் போல.

பயண நாள் 9. 15:20. நங்கூரம் 198.

நான்தான் முன்னால் ஏறினேன். அக்கா 197-இல் இருக்கிறாள். கொக்கி மூன்றும் இறக்கியாயிற்று. மூன்றும் கீழ் நோக்கி.

வேண்டுமென்றேதான். வந்ததும் முதல் வேலையாக நங்கூரத்தைத் தட்டிப் பார்ப்பாள். பார்த்தால் திட்டாமல் இருக்க அவளால் முடியாது. திட்ட வேண்டுமென்றால் வாயைத் திறந்தாக வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான். திட்டு வாங்கிய கையோடு மேல் கொக்கியை அடித்துவிடுவேன். துளைக்கு இடம்கூடக் குறித்து வைத்திருக்கிறேன். வருகிற எடை ஒரு தேங்காய்தானே. தேங்காய் மேலே விழுந்த கதை உண்டா?

மூன்று இழுப்பு கொடுத்துவிட்டேன்.

15:24.

இனிமேல் எழுத நேரமில்லை. தலைக்கவசக் கருவி நான் பேசப் பேச எழுதிக்கொள்ளும்.

அக்கா உதைத்துக் கிளம்பிவிட்டாள். ரொம்ப வேகம். வானொலியைப் போட்டிருக்கிறாள்:

"உன்கூட ஒரே ஆணில தொங்க எனக்கு இஷ்டமில்ல. மேல ஒரு பாறைத் திட்டு தெரியுது, அங்க போய் நிக்கேன். நீ பிறகு வா."

திட்டு எனக்கு மேலே நூறு மீட்டரைத் தாண்டி இருக்கிறது. கீழேயிருந்து பார்த்தால் பக்கம் போலத் தோன்றும். கயிறே நூறு மீட்டர்தான்.

"எக்கா, கயிறு எட்டாது! என் பக்கத்துல நில்லு!"

நில் என்று சொல்லியிருக்கக் கூடாது. என் தோளைத் தாண்டும்போது பாறையில் இன்னோர் உதை உதைத்துவிட்டுப் போனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கயிறு ஓடுகிறது. முடியும்போது இழுப்பு மேல் நோக்கி வரும். தேங்காய் கனம் என்பதெல்லாம் தொங்கும்போது மட்டும்தான். பறக்கும்போது உடுப்போடு நூற்றிருபது கிலோ, கல்யாணப் பந்தலில் வந்து மோதும் எருமை.

டிரில் கையில். குறித்து வைத்த இடம். பாதி ஆழம். சில்லு தெறிக்கிறது. இறங்கு, சனியனே, இறங்கு. கயிற்றை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறைக்கப் பார்க்கிறேன், கையுறை உரிகிறது. முக்கால் ஆழம்

15:25.

மூன்றும் பிடுங்கிக்கொண்டன. சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று.

நானும் மேலே போகிறேன், கயிற்றின் வாலில். பாறையை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறேன். கை எதையும் எட்டவில்லை. மேல் நோக்கி விழுகிறவன் உண்டு, அக்கா. நீ சொன்னது சரி.

அவள் குரல்: "யப்பா! என்னலே இப்படி வெடுக்குனு இழுக்கே! திட்டைப் பிடிச்சிட்டேன். ஒரு கொக்கி அடிச்சிருக்கேன். ஒண்ணுதான், ஆட்டாத."

ஒன்றே ஒன்று. திட்டின் விளிம்பு மறைக்கிறது, அவளுக்கு நான் தெரியவில்லை. என் எருமைக் கனம் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. கயிற்றில் இன்னும் பத்துப் பதினைந்து மீட்டர் தொளதொளப்பு. அது விறைத்தால் அந்தக் கொக்கியும் பொத்தான்தான். பிறகு இரண்டு பேரும்.

கத்தி வலது தொடைப் பையில்.

அறுத்தாயிற்று.

15:27.

மேலே போவது நின்று, இப்போது முறைப்படி கீழே. மெதுவாகத்தான். பாறை கிளம்பாத பஸ் மாதிரிப் பக்கத்தில் நிற்கிறது.

அக்காவிடம் சொன்னேன்: "எக்கா, கயித்தை அறுத்துட்டேன். விழுந்துகிட்டிருக்கேன்."

"ஆமா. காலைலயும்தான் விழுந்தே. சாயங்கால ஆட்டமாக்கும்? கோட்டிப்பயலே, மூணு இழுப்பு குடு, இல்லன்னா பேசாத."

"நெசமாத்தான்க்கா."

"இரு. கயித்தோட உன்னை வெடுக்குனு மேல இழுத்து, செவுட்டுல ஒண்ணு விடுதேன்."

இழுக்கப் போகிறாள். வாலில் நான் இருப்பதாக நினைத்து, ஒற்றைக் கொக்கியில் நின்று, முழு பலத்தோடு. வாலில் ஒன்றும் இல்லை. இழுத்த வேகத்தில் பின்னால் தூக்கி எறியப்படுவாள்.

ஆசீர் அண்ணன் தனி அலைவரிசையில் வந்தார்: "இசக்கி. திரைல பாத்துட்டேன்லே. கலம்... இன்ஜினு..."

"முக்கால் மணி நேரம். தெரியும்ணே. காலைல நான்தான உங்களைச் சூடேத்த வச்சேன். அக்காகிட்ட இப்ப சொல்லாதீங்க. பதறுனா கை நடுங்கும். மூணு கொக்கி அடிக்கட்டும், பிறகு சொல்லுங்க."

அவர் அழுகிறார். கேட்க நேரமில்லை.

15:29.

பொறு என்றால் கிளம்புகிறவள். அப்படியானால்.

"எக்கா, ஒரு கொக்கியே தாராளம். சும்மா இழு. நானும் இங்க மூணையும் கீழ பாத்துத்தான் அடிச்சேன், என்ன கொறஞ்சு போச்சு? மேல் கொக்கியெல்லாம் பயந்தாங்கொள்ளிக்கு."

"மூணையும் கீழ பாத்தா? அடப்பாவி! அதான் அந்த வெடுக்கா? சொல்லிச் சொல்லி வாய் வலிக்கு! உன் பேச்சைக் கேட்டா ரெண்டு பேரும் சாக வேண்டியதுதான். அங்கனையே கெட. நான் மூணும் அடிச்சுட்டுத்தான் இழுப்பேன். மேல பாத்து முதல்ல!"

"வேண்டாம்க்கா, நேர விரயம்."

"வாயை மூடுலே!"

திட்டிவிட்டாள். முழுசாக.

15:33.

பாறை இப்போது வேகமாக ஓடுகிறது, அடுக்குத் தெரியவில்லை. எங்கள் நங்கூரங்களில் ஏதோ ஒன்றின் விளக்கு பளிச்சென்று கடந்தது. நூற்று இருபதோ, நூற்றுப் பத்தோ. அது ஒழுங்காக அமைத்தது. எல்லாமே ஒழுங்காக அமைத்தவைதான், 198 தவிர. பின்னால் ஏறுபவர்களே, 198-இல் மாட்டாதீர்கள். அங்கே முக்கால் துளை ஒன்று இருக்கும். அதை முடித்து, கொக்கியை மேல் நோக்கி வையுங்கள்.

அவள் மூச்சு கேட்கிறது. சுத்தியல் போடுகிறாள். "ரெண்டு," என்கிறாள் தனக்குத்தானே. கை குளிருகிறது. உள்ளுறையும் தேய்ந்துவிட்டது போல.

15:35.

"மூணு. தட்டிப் பாத்துட்டேன், கல்லு மாதிரி நிக்கி. இழுக்கேன்லே, பிடிச்சுக்கோ."

தரை தெரிகிறது. வெள்ளையாக, பெரிதாக.

"என்னலே கனமே இல்ல..."

"இசக்கி. கயித்து முனை வந்துட்டு. வெட்டுன முனையா இருக்குலே."

"ஏலே. எங்கனயோ ஒளிஞ்சுகிட்டுதான இருக்கே? சிரிச்சிரு. ஏமாந்துட்டியான்னு சொல்லிரு. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். சொல்லுலே."

வானொலிப் பொத்தானை அழுத்தி, முடிந்தவரை பெரிதாகச் சிரித்தேன். "ஏமாந்துட்டியாக்கா!"

அப்பாடா. தொடங்கிவிட்டாள். மூதி, விளங்காத பயலே, கைல கிடைச்சே... இன்னும் நிறைய புதுசு இருக்கிறது, இதுவரை கேட்காதது, எல்லாம் குறித்து வைத்துக்கொள்ளும்படி கருவியிடம் சொல்லியிருக்கிறேன், நடு நடுவே என் பெயரும் வருகிற