கறிக்கடை பல்பு

இன்று காலை பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு மீன்கடைக்காரர் என் எலெக்ட்ரிக் கடைக்கு வந்தார். "அண்ணே, மீனு செவசெவன்னு தெரியணும். அந்த மாதிரி பல்பு ஒண்ணு குடுங்க" என்றார். அலமாரி வரை போன கை அங்கேயே நின்றுவிட்டது. உன் ஞாபகம்.

இந்த ஊர் கறிக்கடைகளுக்கு லேசாகச் சிவந்த வெளிச்சம் தரும் அந்த பல்பை விற்றவன் நான், மாட்டிக்கொடுத்த ஒயர்மேன் நீ. "டேய் முதலாளி, நேத்து வெட்டுனது இன்னைக்கு வெட்டுன மாதிரி இருக்குடா" என்று சிரிப்பாய். அப்படிச் சிரித்த தாடையில்தான் கட்டி வந்தது.

தாடையெலும்பை எடுத்துவிட்டு, உன் கால் எலும்பை ரத்தக்குழாயோடு கொண்டுவந்து வைத்தார்கள். அதோடு ஒட்டிய தோலில் ஒரு துண்டு மோவாய்க்குக் கீழே வெளியே தெரிந்தது. உள்ளே எலும்புக்கு ரத்தம் ஓடுகிறதா என்பதை அந்தத் தோலின் நிறம்தான் சொல்லும் என்றார் டாக்டர். நர்ஸம்மா மணிக்கொரு தரம் விரலால் அழுத்திப் பார்ப்பார். நீலம் பாய்ந்தால் உடனே கூப்பிட வேண்டும்.

உன்னால் பேச முடியாது. சிலேட்டில் எழுதினாய்: "டியூப்லைட் கண்ணக் குத்துது." ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டியூப்லைட்டை அணைத்துவிட்டு, கடையிலிருந்து ஒரு பல்பு கொண்டுவந்து தலைமாட்டில் மாட்டினேன். இதமாக இருக்கும் என்றுதான் அதை எடுத்தேன். அது எதற்கு விற்கிற பல்பு என்பது விற்கும்போது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கும் போல. "சொகமா இருக்கு முதலாளி" என்று எழுதினாய். மதியம் முழுக்க நர்ஸம்மா பார்த்துவிட்டு, "நல்ல கலர்" என்று குறித்துக்கொண்டு போனார். நானும் பார்த்தேன். ரோஜா நிறம்.

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து திரையை விலக்கினார். வெயிலில் அந்தத் தோல் நாவல்பழம் போல இருந்தது. ஊசியால் குத்தினார், கறுப்பாக ரத்தம் கசிந்தது. உடனே தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். "கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா எலும்பைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் பிறகு. பல்பை யாரும் கவனிக்கவில்லை. நான் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் சாகும்வரை கருவடிக்குப்பம் வீட்டில் இரண்டு வருஷம் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டு இருந்தாய். "என் காலே எனக்குத் துரோகம் பண்ணிடுச்சுடா" என்று குழறுவாய். "விடுடா" என்பேன். வந்த வார்த்தையைக் காபியோடு விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போவேன்.

மீன்கடைக்காரருக்கு வெள்ளை பல்புதான் எடுத்துக்கொடுத்தேன். "இதுல மீனு உள்ளபடியே தெரியுமே அண்ணே" என்று முகம் சுளித்தார். வேறு கடை பார்த்துப் போனார்.

அந்தப் பழைய பல்பு இன்னும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. உன் கால்மேல் தப்பே இல்லைடா.