ஐந்தாம் இணைப்பான வலைக்கயிறு

அனுப்புநர்
ஞா. சாராள்,
இடைநிலை ஆசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
நண்டுமேட்டுக் குப்பம், பழவேற்காடு வழி,
பொன்னேரி வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: தலைமையாசிரியர் பதவி – பணித் தொகுப்பின் ஐந்தாம் இணைப்பு காணாமற்போனது – தேடித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளி நடுநிலைப் பள்ளியாக உயர இருப்பதால், தலைமையாசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்போர் தம் பணிக்கான சான்றுகளைத் தொகுத்து அனுப்பத் தங்கள் அலுவலகம் கேட்டிருந்தது. அனுப்பினேன். "ஊர் மக்களின் நற்சான்று இணைக்கப்படவில்லை" என்ற குறிப்புடன், புதுச் சிவப்பு நாடா கட்டி, போன வாரம் அது திரும்பி வந்தது. விண்ணப்பம் தள்ளுபடியானால் இங்கே வேறொருவர் வருவார். நான் வேறு ஊருக்கு மாற்றப்படுவேன். அந்தச் சான்று இணைக்கப்பட்டிருந்தது ஐயா. அது தாள் இல்லை, கயிறு.

2. 1961இல் படகிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துச் சேற்றில் நடந்து வந்த என்னைப் பார்த்து, "இந்த டீச்சரம்மா பொங்கலுக்குள்ள ஊட்டுக்குப் பூடும்" என்று கரையில் நின்ற கங்கம்மாள் சொன்னது காதில் விழுந்தது. கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே பல பொங்கல் இங்கே கழிந்தது.

3. அப்போது கட்டடம் கிடையாது. வலை காயப்போடும் கொட்டகையில்தான் வகுப்பு. இறால் காலத்தில் பிள்ளைகள் படகுக்குப் போய்விடுவார்கள். நான் முழங்கால் தண்ணீரில் நின்று வருகைப் பதிவேட்டை வாசிப்பேன். அவர்கள் படகிலிருந்தே "உள்ளேன் டீச்சர்" என்பார்கள். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தக் காலைகள் எனக்கு இனி வரப்போவதில்லை.

ஏரியில் இன்ன நாள் இன்னார் வலை போடலாம் என்று முறை வைப்பதை இங்கே பாடு என்பார்கள். ஊர்த் தலைவர் நாகமுத்து பிள்ளைகளுக்கும் பாடு வைத்தார். இன்று ஒரு வீட்டுப் பையன் படகு வேலைக்குப் போனால் நாளை அடுத்த வீட்டுப் பையன், மற்றவர்கள் பள்ளியில். இந்த வழியை எந்தப் பயிற்சிப் பள்ளியும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

4. சென்ற கோடை விடுமுறை முழுவதும் தொகுப்பு வேலைதான். பாடக் குறிப்புகள், கிளிஞ்சல் ஒட்டிய எண் அட்டை, பிள்ளைகள் வரைந்த படங்கள். மரம் வரையச் சொன்னால்கூட அடியில் ஒரு மீன் இருக்கும். இத்தனை வருடம் நான் என்ன செய்தேன் என்பது அந்த விடுமுறையில்தான் எனக்கே தெரிந்தது.

5. நற்சான்றுக்குக் கைநாட்டுக் கேட்டேன். கடன் தாளில் ரேகை வைத்துப் படகை இழந்தவர்கள், ஒதுங்கினார்கள். "ரேகை இன்னாத்துக்கு டீச்சர்? அவங்கவங்க முடிச்சு போட்டுத் தர்றோம்" என்று நாகமுத்து ஒரு வலைக்கயிற்றில் முதல் முடிச்சைப் போட்டார். பிள்ளை படித்த வீட்டுக்கு ஒரு முடிச்சு. கடைசியாக வந்த கங்கம்மாள் இரண்டு போட்டார். ஒன்று பேத்தி முத்தம்மாவுக்கு. மற்றது எதற்கு என்றேன். "அன்னிக்கு கரையில சொன்னேனே, அதுக்கு" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுதது தெரியக் கூடாதென்றுதான்.

அந்தக் கயிற்றாலேயே தொகுப்பைச் சுற்றிக் கட்டி அனுப்பினேன்.

6. நான் தங்கள் அலுவலகத்துக்கு விசாரிக்க வந்தபோது எழுத்தர், "கயிறு கயிறுதானே டீச்சர், இதுக்குப் போய் இன்னாத்துக்கு பேஜாரு? ஏதாவது பைலைக் கட்ட எடுத்திருப்பாங்க" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார்.

7. ஆகவே, பதிவறைக் கட்டுகளைத் தேடச் செய்து, கயிற்றை ஐந்தாம் இணைப்பாக ஏற்று, என் விண்ணப்பத்தை மறுபடி பரிசீலிக்க வேண்டுகிறேன். பழுப்பு நிறம், லேசாகக் கருவாட்டு வாடை வரும். இன்னொன்று கேட்டு வாங்க வழியில்லை. கங்கம்மாள் ஐப்பசியில் தவறிவிட்டார்.

கிடைத்தால், இறுகியிருக்கிறதே என்று தயவுசெய்து கத்தி வைக்க வேண்டாம். சொல்லி அனுப்பினால் நானே வந்து அவிழ்த்துக்கொள்கிறேன். எது அலுவலகம் போட்ட முடிச்சு, எது எங்கள் ஊர் போட்டது என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஞா. சாராள்

இடம்: நண்டுமேட்டுக் குப்பம்
நாள்: 3-2-1975