இரண்டு மாநிலக் கணக்கு

காளிகாட், கொல்கத்தா

பாப்பாவுக்கு,

நீ போனில் கேட்டதை விசாரித்தேன். கோடை விடுமுறையில் வேலை பார்த்த மாநிலத்துக்கு, வெளியூர்க்காரி என்று போட்டு ஒரு வரிக்கணக்கு. படிக்கிற மாநிலத்துக்கும் வேண்டுமா என்று உன் காலேஜ் ஆபீஸில் கேள். அமெரிக்கச் சட்டமெல்லாம் துறைமுக ஆபீஸில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த லீவுக்கு நீ இங்கே வந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. சரி, அதை எழுத உட்காரவில்லை. வேலைக்குப் போகச் சொன்னதே அம்மாதான். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று யாருக்குத் தெரியும்?

கீழ்வீட்டு வங்காளி அண்ணி, நம் பௌதி, மீன் படாத பாத்திரம் என்று சத்தியம் பண்ணி ஏதாவது கொண்டுவருகிறாள். சாப்பிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேள். கணக்கில் உன் சொந்த போன் நம்பரைக் கொடு. நான் என் வரிக்கணக்குக்கு அம்மா நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். வருஷா வருஷம் நான் ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவள் சமையலறையிலிருந்து ஓடிபியைப் படிப்பாள். அந்த போனை இன்னும் சார்ஜ் போட்டு அதே சமையலறை அலமாரியில்தான் வைத்திருக்கிறேன்.

உன்னோடு பேசிய கையோடு நேற்று என் கணக்கைத் திறந்தேன். உள்ளே போன் ஒலித்தது. "என்ன நம்பர் வந்திருக்கு, சொல்லு" என்று கூப்பிட்டேன். "காது கேக்கலையா?" என்று கோபமாக இன்னொரு தடவையும் கத்திவிட்டேன், பாப்பா.

உன் நம்பரையே கொடு.

அப்பா