மணல் தானே போட்ட கோலம்

1932 பிப்ரவரி 8, திங்கள்

காலையில் நல்ல பனி. மணவாளக்குறிச்சிக் கருமணல் ராத்திரியோடு ஈரம் குடித்துவிட்டது. சயன்ஸ் சோதனைக்கு வைத்திருக்கும் தகட்டில் தூவினால் கட்டி கட்டியாக உட்கார்ந்துகொண்டு நகரவே மாட்டேன் என்கிறது. போர்டிங் அடுக்களையில் போட்டு வறுத்தேன். சமையல்காரி கேட்கிறாள்: "இதுக்குத் தேங்கா வேணுமா டீச்சர்?" சிரித்து வயிறு வலி.

வடசேரியில் சதுரமாக வெட்டி வாங்கிய பித்தளைத் தகட்டை நடுவில் திருகி மரத்தண்டின் மேல் நிறுத்தியாயிற்று. வில்லும் கிடைத்தது. லேஸ் டீச்சர் ரோசம்மாளின் வயலின் வில்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். பள்ளியை நடத்தும் வெள்ளைக்கார மிசியம்மா சொல்லிவிட்டார்: நான் காட்டுவது நன்றாக இருந்தால் ஏழாம் வகுப்புப் பெண்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் சயன்ஸ். இல்லையென்றால் அந்த மணி லேஸ் பின்னலுக்கு. ரோசம்மாளும் அந்த மணியைத்தான் கேட்டு நிற்கிறாள். இருந்தும் வில் தந்தாளே!

பிப். 9, செவ்வாய்

வந்துவிட்டது! தகட்டின் ஓரத்தில் வில்லை இழுத்தேன். மணல் துள்ளி, ஓடி, கோடு கோடாக நின்றுவிட்டது. தகடு அதிரும் இடத்தில் மணலுக்கு நிலையில்லை, அதிராத இடத்தில் ஒதுங்கிக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஓரத்தில் விரல் வைக்கும் இடத்தை மாற்றினால் சத்தமும் மாறுகிறது, கோடும் மாறுகிறது. விளிம்பு நடுவில் விரல், மூலையில் வில்: சிலுவை. விரலைத் தள்ளி வைத்துக் கீச்சென்று இழுத்தால் நட்சத்திரக் கோலம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு காலி.

வாங்க: வில்லுக்குப் பிசின், தலைக்கு எண்ணெய்.

பிப். 10, புதன்

வெயில். தலைவலி. சபை உபதேசியார் ஜன்னல் வழியே பார்த்துவிட்டார், அதுவும் நட்சத்திரம் விழுந்த நேரம் பார்த்து.

"கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குக் கோலமா படிச்சுக் குடுக்குதீங்க?"

நம் சபையில் வாசலில் கோலம் போட்டவளுக்கு ஞாயிறு ஆராதனையில் இராப்போசன அப்பமும் ரசமும் கிடையாது.

"நான் போடல்ல அய்யா, அது தானா வருது."

"தானா வந்தா அது அதவிட மோசமாக்கும்!"

நேரே மிசியம்மாவிடம் போய்விட்டார். போச்சு.

ரோசம்மாள்: "எட்டி, வெள்ளிக்கெழம சிலுவைய மட்டும் காட்டு. பெழச்சுக்கிடலாம்."

எனக்கு வந்ததே கோபம். சிலுவையை மட்டும் காட்டினால் அது சயன்ஸா, செப்படிவித்தையா?

பிப். 12, வெள்ளி

கூட்டம் நிறைய. முன்வரிசையில் உபதேசியார், முகம் உர்ரென்று. தகட்டில் மணலைத் தூவினேன். சட்டென்று வில்லை அவரிடமே நீட்டிவிட்டேன். "நீங்களே இழுங்க அய்யா."

மறுக்க முடியாமல் எழுந்து வந்தார், நான் காட்டிய இடத்தில் விரல் வைத்தார். இழுத்தார். சிலுவை விழுந்தது. "ஸ்தோத்திரம்!" முகமெல்லாம் பல். கொள்ளாம், கொள்ளாம் என்று கூட்டமும் சேர்ந்துகொண்டது. மனுஷனுக்கு ருசி பிடித்துவிட்டது, மறுபடி தூவச் சொன்னார். இந்த முறை உற்சாகத்தில் விரல் வழுக்கிவிட்டது. கீச்!

நட்சத்திரம். அசல் மார்கழிக் கோலம். உபதேசியார் பதறிவிட்டார்.

"நான் போடல்ல! அது தானா வந்ததாக்கும்!"

முதலில் சிரித்தது மிசியம்மாதான். "உபதேசியாரே, இந்த ஞாயிறு உமக்கு இராப்போசனம் உண்டா?" பெற்றோர், பிள்ளைகள், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கடைசியில் அவரும்.

மணி எனக்குத்தான்! மிசியம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் ஓடிப்போய் ரோசம்மாளைக் கட்டிக்கொண்டேன்.

"விடுட்டி. எனக்க மணியையும் பிடுங்கிட்டு, எனக்க கழுத்தையுமா நெரிக்க?"