பட்டியலில் கடைசிப் பெயர்

அம்மாவுக்கு உங்கள் மகளின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாரா?

எழுத்து கோழி கிளறியது போல இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இடது கையால் எழுதுகிறேன். பள்ளி அலுவலகத்தில் ஃபைல் எடுக்க ஸ்டூலில் ஏறி விழுந்தேன். வலது மணிக்கட்டில் சின்ன விரிசல், அவ்வளவுதான்.

சொல்ல வந்தது வேறு. போன மாதம் ஊழியர் விபத்து இன்ஷூரன்ஸைப் புதுப்பித்தோம். ஆசிரியர்களை மட்டும் சேர்த்தால் போதும் என்றார் தாளாளர். "டிரைவரையும் ஆயாவையும் சேர்த்தா பிரீமியம் எகிறிடும்மா."

"சாக்பீஸ் விழுந்து யாருக்கு சார் கால் ஒடியும்? பஸ் ஓட்டுறவருக்கும் தரை துடைக்கிறவங்களுக்கும்தானே அடிபடும்? சட்டமும் எல்லாரையும் சேர்க்கத்தான் சொல்லுது" என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

நான் தயாரித்த பட்டியலைப் பார்த்த ஆயாம்மா, "எல்லாம் சரி, உங்க பேரு எங்கம்மா?" என்று கேட்டார். ஊருக்கெல்லாம் சண்டை போட்டவள் என்னையே விட்டிருந்தேன். கடைசியில் எழுதிச் சேர்த்தேன்.

முதலில் விழுந்ததும் நான்தான். மருத்துவச் செலவு முழுக்க வந்துவிட்டது, விடுப்புக்குச் சம்பளமும் உண்டு. "நல்லவேளை, நீங்க விடாப்பிடியா நின்னீங்க" என்று நேற்று தாளாளரே எல்லார் முன்னாலும் சொன்னார்.

தலைக்குப் பெரிய கிளிப் ஒன்று அனுப்புங்கள். ஒரு கையால் சடை போட முடியவில்லை. இதோ, ஆயாம்மா சீப்போடு வந்து நிற்கிறார். பாவம், உங்களைப் போல வலிக்க வலிக்க இழுத்துப் பின்ன அவருக்குத் தெரியாது. நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்