உள்ளங்கையில் மை

வெள்ளி, இரவு.

ஜெர்மன் வகுப்பில் இன்று வாய்மொழிச் சோதனை. நான், நீ, அவர் என்று ஆளுக்கு ஆள் மாறும் நிகழ்கால வினைச்சொற்களை உள்ளங்கையில் எழுதிவைத்துத்தான் ஒப்பித்தேன். டீச்சர் கைதட்டினார். அதை அம்மாவிடம் வேறு பெருமையாகச் சொன்னேன். உடனே கோயிலுக்கு இழுத்துப்போனாள்.

"சாமி, புள்ள பாஸாயிட்டா! சீக்கிரம் ஜெர்மனிக்குப் புருஷங்கிட்டப் போயிருவா," என்றாள் பூசாரியிடம்.

நான் இடக்கையால் எழுதுகிறவள். மை வலக்கையில் இருந்ததை மறந்து தீர்த்தத்துக்கு நீட்டிவிட்டேன். தண்ணீர் நீலமாகிவிட்டது.

"சிந்தாம குடி," என்றாள் அம்மா. குடித்தேன்.

வீடு திரும்பும் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் என் கையை எடுத்து முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அந்தச் சேலையை இப்போது வெளியே கும்மிக்கொண்டிருக்கிறாள். கறை போகவில்லை போலிருக்கிறது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.